ரவா தோசைக்கு 39 நிமிடம்: ஒரு ஞாயிறு இரவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் உள்ள ஒரு சைவ உணவகம். 92 இருக்கைகள், வாசலை ஒட்டிப் பார்சல் கவுண்டர். வாரநாள் இரவில் போனவுடன் உட்கார இடம் கிடைக்கும். ஞாயிறு இரவு 7 மணி தாண்டினால் வாசலில் இருக்கும் நோட்டில் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் எழுதிவிட்டு நிற்க வேண்டும். நிகழ்வு நடந்தது டிசம்பரில். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் வீட்டில் எல்லோருமே சைவத்துக்கு மாறிவிடுவதால், சைவ உணவகங்களுக்கு ஆண்டில் கூட்டம் அதிகமான காலம் அது. பாலக்காடு வழியாகச் சபரிமலை போகிற வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

சமையலறையில் இரண்டு தோசைக்கல். ஒவ்வொன்றும் 4 அடி நீளம், 2 அடி அகலம், 12 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு. அடியில் மூன்று பர்னர். ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் கல்லில் ஊற்றுவதற்கு, சாதா தோசை 8 விழும். ரோஸ்டும் ரவாவும் 6. முதல் கல்லில் சாதா, நெய் ரோஸ்ட், மசாலா. இரண்டாம் கல்லில் ரவா, ஊத்தப்பம், அடை. கல்லுக்கு ஒரு மாஸ்டர், இருவருக்கும் பொதுவாக ஓர் உதவியாள். பார்சலுக்கும் செயலி வழி வரும் ஆர்டருக்கும் தனிக் கல் கிடையாது.

ஆர்டர் சீட்டு இரண்டு இடங்களிலிருந்து வரும். ஹாலில் சப்ளையர் கைக்கருவியில் தட்டினால் தோசை கவுண்டர் பிரிண்டரில் கே.ஓ.டி. (சமையலறைக்கான ஆர்டர் சீட்டு) வரும். பார்சலுக்கும் செயலிக்கும் வேறு பிரிண்டர். இரண்டு சீட்டும் மாஸ்டர் தலைக்கு மேலே கிளிப்பில் தொங்கும். ஹால் கேப்டனின் திரையிலோ ஹால் ஆர்டர் மட்டும்தான் தெரியும். இதை இங்கே குறித்துவைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது எளிதில் புரியும்.

வந்தவர்கள் ஆறு பேர்: எழுபதைக் கடந்த தம்பதி, மகன், மருமகள், பள்ளியில் படிக்கும் இரண்டு குழந்தைகள். பெரியவருக்கு நீண்டகாலமாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் (சீக்கிரம் வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது), சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால். வீட்டிலிருந்து கடைக்கு 20 நிமிடம். வழக்கமாக வருவது வாரநாளில். ஊசி போட்டுக் கிளம்பினால் வந்து சேர்ந்து, ஆர்டர் கொடுத்து, இட்லி வரும்போது கணக்குச் சரியாக இருக்கும். அந்தக் கணக்கோடுதான் அன்றும் 7.20க்கு ஊசி போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

அன்று இரவு நடந்தது

7.41க்கு நோட்டில் பெயர் எழுதினார்கள். 7.58க்கு மேசை கிடைத்தது. 8.02க்கு ஆர்டர்: ஆனியன் ரவா 2 (பெரியவருக்கும் அவர் மனைவிக்கும்), நெய் ரோஸ்ட் 1, மசாலா ரோஸ்ட் 1, சாம்பார் மினி இட்லி 1, சோளாபூரி 1. ரவா எவ்வளவு நேரமாகும் என்று மகன் கேட்டிருக்கிறார். சப்ளையர் கேப்டனைப் பார்க்க, கேப்டன் திரையைப் பார்த்து "15 நிமிசமுங்க" என்றார்.

மினி இட்லி 8.08க்கே தயார். சோளாபூரி 8.11. இந்தக் கடையில் ஒரு மேசைக்கு எல்லாம் ஒன்றாகப் போக வேண்டும் என்பது பழைய விதி. ஒருவர் சாப்பிட, மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்தது. குழந்தைகளுக்கானது என்பதால் அவை இரண்டும் உடனே போயின. ரோஸ்ட் இரண்டும் 8.14க்குக் கல்லிலிருந்து இறங்கி, ரவாவுக்காகக் கவுண்டரில் காத்திருந்தன. ரோஸ்டின் மொறுமொறுப்பு நாலைந்து நிமிடந்தான். மடித்து வைத்ததும் உள்ளே அடைபட்ட ஆவி, தோசையை உள்ளிருந்தே ஈரமாக்கும். மசாலா வைத்தது இன்னும் சீக்கிரம் துவளும். 8.22க்கு மேசைக்குப் போனவை 8.24க்குத் திரும்பி வந்தன. முதல் கல்லுக்கு இரண்டு ரோஸ்ட் கூடுதல் வேலை.

8.16, 8.21, 8.26 என மூன்று முறை மகன் கேட்டார். மூன்று முறையும் ஒரே பதில்: "வந்துட்டே இருக்குங்க சார், 5 நிமிசமுங்க." சப்ளையர் பொய் சொல்லவில்லை. மாஸ்டரிடம் கேட்டார், மாஸ்டர் "அடுத்த ஈடு" என்றார். மாஸ்டர் சொன்ன அடுத்த ஈடு, பார்சல் சீட்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. செயலி ஆர்டரை எடுக்க வந்தவர்கள் கவுண்டருக்கு நேர் எதிரே நின்று எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணெதிரில் நிற்பவருக்கு முதலில் கொடுப்பது எந்த மாஸ்டரும் செய்கிற காரியம்.

8.27க்குப் பெரியவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுக்கம், கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் வரவில்லை. முதலில் கவனித்தது மனைவி. மகன் எழுந்து போய்க் கேப்டனிடம் "எங்கப்பாவுக்கு ஒரு மாதிரி ஆகுதுங்க" என்றபோது, கேப்டன் அதைத் தாமதப் புகாராகவே எடுத்துக்கொண்டு மறுபடியும் சமையலறைப் பக்கம் திரும்பினார். ஒரு நிமிடம் அதில் போனது. பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் "சுகர் இருக்குங்களா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

யாரோ ஒருவர் கிண்ணத்தில் கேசரி கொண்டுவந்தார். மூத்த சப்ளையர் ஒருவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, காபி மேசையிலிருந்து சர்க்கரை 3 டீஸ்பூன் எடுத்துக் கால் டம்ளர் தண்ணீரில் கலக்கி, "அய்யா, இத மெதுவா குடிச்சிருங்க" என்று கொடுத்தார். இது 8.29. அவர் வீட்டிலும் சர்க்கரை நோயாளி உண்டு. கேசரியிலும் சர்க்கரை இருக்கிறது என்றாலும், அதிலுள்ள நெய் சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். தண்ணீரில் கரைத்த வெறும் சர்க்கரையே வேகமானது.

8.35க்கு இட்லி 2, சாம்பார் வந்தது. 8.45க்குப் பெரியவர் இயல்பாகப் பேசினார். ரவா தோசை 8.41க்கு வந்து தொடப்படாமல் கிடந்தது. மேலாளர் பில்லிலிருந்து ரவா இரண்டையும் ரோஸ்ட் இரண்டையும் நீக்கி, காரணம் எழுதி ரத்துச் சீட்டுப் போட்டார். குடும்பம் அதைக் கேட்கவில்லை, சண்டையும் போடவில்லை. அவர்கள் கையில் அப்போது குளுக்கோமீட்டர் இல்லாததால் அளவு தெரியாது. சர்க்கரை கொடுத்து கால்மணியில் தெளிந்ததை வைத்துத் தாழ்சர்க்கரை என்றே கொள்ள வேண்டும். மறுநாள் தொலைபேசியில் பேசியபோது, தங்கள் மருத்துவரும் அப்படியே சொன்னதாக மகன் தெரிவித்தார்.

முதல் கணிப்பும் அது தவறியதும்

திங்கள் காலை சீட்டுகளையும் கேமராப் பதிவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உரிமையாளரின் முதல் முடிவு: ஆள் போதவில்லை, இன்னொரு மாஸ்டர் வேண்டும். இது எல்லாக் கடையிலும் முதலில் வரும் முடிவு, பெரும்பாலும் தவறான முடிவு. பதிவைப் பார்த்தால், 8 மணியிலிருந்து 8.30 வரை இரண்டாம் கல் மாஸ்டர் பாதி நேரம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தபடி நிற்கிறார். தோசை வேகவில்லை, அவர் என்ன செய்ய முடியும்? இன்னொரு மாஸ்டர் வந்திருந்தால் இரண்டு பேராக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ரவா ஓர் ஈடு வழக்கமாக 6 நிமிடம். அன்று 8 மணிக்குப் பிறகு 10 நிமிடம் எடுத்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 60 வர வேண்டிய கல்லில் 36தான் வந்தது. 7.30 முதல் 8.30 வரை அந்தக் கல்லுக்கு வந்த ஆர்டரோ ஹால் ரவா 29, பார்சல் ரவா 17, ஊத்தப்பமும் அடையும் 11, ஆக 57. கல் சூடாக இருந்திருந்தால் ஏறத்தாழச் சமாளித்திருக்கும்.

மாஸ்டர் சொன்னது, "கல்லு சூடு ஏறல, இடது பக்கம் ரொம்ப மோசம்." உடனே பர்னர் மீது சந்தேகம் விழுந்தது. கேஸ் வெளிவரும் சிறு துளையான ஜெட்டில் கரி, எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கும் என்று திங்கள் மதியம் ஆறு பர்னரையும் கழற்றி, ஊசியால் குத்தி, துடைத்து மாட்டினார்கள். அன்று மாலை 6.30க்கு அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தால் நடுவில் 204 டிகிரி, இடது ஓரத்தில் 188. சரியாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 8.15க்கு மறுபடி பார்த்தபோது நடுவில் 172, இடது ஓரத்தில் 139.

இந்த வித்தியாசத்தில்தான் விடை இருந்தது. ஜெட் அடைத்திருந்தால் தொடக்கத்திலிருந்தே சூடு குறைவாக இருக்கும். தொடக்கத்தில் நன்றாக இருந்து, போகப்போக விழுகிறது என்றால் கோளாறு அடுப்பில் இல்லை. அடுப்புக்கு வந்து சேருவதில் இருக்கிறது.

கேஸ் அறையில் கண்டது

பின்புறம் கேஸ் அறையில் இடது 4, வலது 4 என 8 சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 19 கிலோ. இரண்டு வரிசையும் ஒரே குழாயில் சேரும். ஒரு நேரத்தில் ஒரு வரிசை மட்டும் ஓடும். ஆனால் அந்த வரிசையிலும் இரண்டு வால்வு மட்டுமே திறந்து வைப்பது இந்தக் கடையின் வழக்கம்: "இரண்டு தீர்ந்த பிறகு அடுத்த இரண்டு, அப்போதுதான் கணக்குத் தெரியும்." திங்கள் இரவு 8.30க்குப் போய்ப் பார்த்தபோது, திறந்திருந்த இரண்டு சிலிண்டரின் அடிப்பகுதியிலும் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. விரலால் கீறினால் கோடு விழுந்தது.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது வாயுவாக மாறினால்தான் குழாயில் வரும். மாறுவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தும், சிலிண்டர் சுவர் வழியாக வெளிக் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. வேகமாக வாயுவை இழுத்தால் வெளியிலிருந்து வெப்பம் வந்து சேர்வதற்குள் திரவம் குளிர்ந்துவிடும். எல்.பி.ஜி.யில் உள்ள புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேன் கொதிப்பது சுமார் 0 டிகிரியில். திரவம் குளிரக் குளிர பியூட்டேன் ஆவியாவது மந்தமாகி, அழுத்தம் இறங்குகிறது. சிலிண்டர் பாதிக்குக் கீழே போனால் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் திரவத்தின் பரப்பும் குறைவதால் நிலைமை இன்னும் மோசம். கோடையில் இதே இரண்டு வால்வு போதுமானதாக இருந்ததற்குக் காரணம் வெளிக் காற்றின் சூடு. டிசம்பர் இரவில் அது கிடைக்கவில்லை. அதோடு 7.30க்கு இட்லிப் பானை, எண்ணெய்ச் சட்டி இரண்டு, சாம்பார் அடுப்பு, பால் அடுப்பு, இரண்டு கல் என எல்லாமே ஒரே நேரத்தில் முழுத் தீயில் எரிந்தன. குழாயின் கடைசி முனையில் இருப்பது இரண்டாம் கல்லின் இடது பர்னர். அழுத்தம் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது அதுதான்.

ஞாயிறு இரவு உதவியாள் ஒருவர் சிலிண்டர் மீது சுடுதண்ணீர் ஊற்றியதும், ஒன்றைச் சாய்த்து வைத்ததும் கேமராவில் தெரிந்தது. இரண்டும் கூடாது. சாய்த்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். பர்னரில் தீ திடீரென்று எகிறும். அன்று அப்படி நடக்காதது அதிர்ஷ்டம்.

செவ்வாய் இரவு நான்கு வால்வையும் திறந்து வைத்தார்கள். நான்கு சிலிண்டரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது ஒவ்வொன்றும் மெதுவாகவே குளிரும். 8.15க்கு நடுவில் 199, இடது ஓரத்தில் 183. பனி இல்லை, வெறும் வியர்வைதான்.

ரவாவுக்கே உரிய சிக்கல்

கேஸ் கோளாறு இரண்டு கல்லுக்கும் பொது. ஆனால் முதல் கல் அவ்வளவாகத் திணறவில்லை. அதற்குக் காரணம் மாவு.

ரவா தோசை மாவு தண்ணீர் மிகுந்தது. இந்தக் கடையின் அளவு: வறுக்காத ரவை 1 படி, அரிசி மாவு 1 படி, மைதா கால் படி, புளித்த மோரும் தண்ணீருமாகச் சேர்த்து 5 படி. மிளகு, சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. கரண்டியால் தேய்க்கும் மாவல்ல இது. ஒரு முழ உயரத்திலிருந்து வீசி ஊற்றுவது. சூடான கல்லில் விழுந்ததும் தண்ணீர் ஆவியாகி மாவைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அந்த ஓட்டைகள்தான் வலை. பிறகு மிச்சத் தண்ணீர் முழுக்க வற்றினால்தான் தோசை கல்லை விடும். ஒரு லிட்டர் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிக்க வைப்பதைவிட, கொதித்த தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஏழு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். உளுந்து, அரிசி அரைத்த கெட்டி மாவில் வற்ற வேண்டிய தண்ணீர் குறைவு. அதனால்தான் ரோஸ்ட் 3 நிமிடத்தில் இறங்குகிறது, ரவா 6 நிமிடம் கேட்கிறது. கல்லின் சூடு குறைந்தால் அதிகம் அடிபடுவதும் ரவாதான்: வலை விழாது, மாவு கொழகொழவென்று படியும், எடுக்கப் போனால் கிழியும், மறுபடி காத்திருக்க வேண்டும்.

இதற்கு மேல், அன்று மாலை 5 மணிக்கே மொத்த மாவையும் ஒரே அண்டாவில் கரைத்து வைத்திருந்தார்கள். ரவை நேரம் ஆக ஆகத் தண்ணீரைக் குடித்து ஊதும். 8 மணிக்கு மேலே தெளிந்த தண்ணீர், அடியில் களி. அடியோடு கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றினால் முதல் இரண்டு தோசை காகிதமாக வரும், கடைசி இரண்டு அடையாக வரும். ஒரே ஈட்டில் அடையாக விழுந்தது வேகும் வரை மற்றதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிதாக ஊற்றுவதும் கடினம். வெங்காயமும் மதியமே நறுக்கியது. நீர் விட்டுப்போன வெங்காயத்தைக் கல்லில் தூவி அதன்மேல் மாவு ஊற்றினால் அதன் ஈரமும் சேர்ந்து வற்ற வேண்டும்.

கேப்டன் சொன்ன 15 நிமிடம்

8.02க்கு இரண்டாம் கல்லுக்கு முன்னால் 19 உருப்படிகள் காத்திருந்தன. கேப்டன் திரையில் தெரிந்தது ஹாலின் 10 மட்டும். ஈட்டுக்கு 6, இரண்டாவது ஈட்டில் இடம், 6 நிமிட ஈடு என்றால் 12 நிமிடம். கொஞ்சம் கூட்டி 15 என்றார். அவர் பார்வையில் அது நியாயமான கணக்கு. உண்மையில் நான்காவது ஈட்டில்தான் இடம், ஈடு ஒன்றுக்கு 10 நிமிடம். 39 நிமிடம் ஆனதில் வியப்பில்லை. திரைக்குத் தெரியாத 9 பார்சலும், கேஸ் அறையில் படிந்த பனியும் சேர்ந்து செய்த வேலை.

எடுத்த முடிவுகள்

கேஸ்: ஓடும் வரிசையில் நான்கு வால்வும் திறந்திருக்க வேண்டும். குழாயில் ஏற்கெனவே இருந்து யாரும் பார்க்காத அழுத்தமானியைத் துடைத்து, கீழ் எல்லைக்குச் சிவப்புக் கோடு போட்டார்கள். மாலை 6.30க்கும் 8க்கும் ஒருவர் பார்த்து எழுத வேண்டும். பாலைக் காய்ச்சும் வேலை 6.30க்குள் முடிய வேண்டும். மறுநாள் சரக்குக்கான வறுவல் எல்லாம் 9.30க்குப் பிறகு.

ரவா: ஞாயிறு இரவு ரவாவையே எடுத்துவிடலாம் என்றார் உரிமையாளர். பல கடைகளில் ரவாவுக்கு நேரம் குறித்திருப்பது இதனால்தான். அவர் சொன்னதில் தவறில்லை. மாஸ்டர்கள் ஒப்பவில்லை. ரவாவுக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேறு கடைக்குப் போனால் காபியும் வடையும் சேர்ந்து போகும் என்றார்கள். இறுதியில் எடுத்தது நடுவழி. ஊத்தப்பமும் அடையும் சனி, ஞாயிறு இரவு முதல் கல்லுக்கு மாறின. இரண்டாம் கல்லில் ரவா மட்டும். காத்திருக்கும் ரவா 12 ஆனதும், அதாவது இரண்டு ஈடு நிறைந்ததும், செயலியிலும் பார்சலிலும் ரவாவை நிறுத்திவிடுவது. 6க்குக் குறைந்ததும் திறப்பது. இந்த எண்ணைப் பார்ப்பது மாஸ்டரின் வேலையல்ல. இரண்டு வகைச் சீட்டையும் ஒரே கம்பியில் நேர வரிசையாகக் குத்தும் பொறுப்பு உதவியாளுக்குத் தரப்பட்டது.

மாவு: உலர் கலவையை மட்டும் முன்கூட்டியே வைத்துக்கொண்டு, ஐந்து ஈட்டுக்கான அளவு கரைப்பது, 20 நிமிடம் ஊறியதும் பதம் பார்ப்பது. கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி மொள்ள வேண்டும். கல்லில் தெளிக்கும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் ஊற்றலாம். படர்ந்து சீறிக்கொண்டு நின்றால் பொறுக்க வேண்டும். வெப்பமானி இருந்தாலும் மாஸ்டர்கள் நம்புவது இந்தத் தண்ணீரைத்தான். ரோஸ்டுக்கு இது நேர்மாறு: அவ்வளவு சூட்டில் மாவு கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும், தண்ணீர் தெளித்துத் துடைத்துச் சூட்டை இறக்கிவிட்டே தேய்க்க வேண்டும். ஒரே கல்லில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஹால்: "5 நிமிசம்" என்ற சொல் தடை. தெரியாவிட்டால், உள்ளே போய் எத்தனையாவது ஈடு என்று கேட்டுவந்து சொல்ல வேண்டும். ரவா ஆர்டர் எடுக்கும்போதே நேரத்தைச் சொல்லி, "அதுவரைக்கும் இட்லி, வடை ஏதாச்சும் வைக்கட்டுங்களா?" என்று கேட்பது. ஒன்றாகப் பரிமாறும் விதி எடுக்கப்பட்டது. வருவது வரவர வைக்கலாமா, சேர்த்து வைக்கவா என்று மேசையில் இருப்பவரிடமே கேட்பது.

உடல்நிலை: வாடிக்கையாளரிடம் நோய் பற்றி விசாரிப்பது முறையல்ல என்று விட்டுவிட்டார்கள். ஆனால் "சுகர் இருக்கு", "மாத்திரை போட்டாச்சு", "ஊசி போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் அந்த மேசைக்கு உடனே இட்லி போக வேண்டும். அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேர்வை, நடுக்கம், குழறல், காரணமில்லாத எரிச்சல் கண்டால் 3 டீஸ்பூன் சர்க்கரை, கால் டம்ளர் தண்ணீர். கால்மணி பொறுத்துத் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் இட்லி போன்ற உணவு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். இதை எழுதிக் காபி மேசைக்கு மேலே ஒட்டினார்கள்.

பின்னர் நடந்தது

அடுத்த நான்கு ஞாயிறு இரவுகளில் 7.30 முதல் 9 வரை மிக அதிகமாகக் காத்திருந்த ரவா ஆர்டர்: 22, 19, 31, 18 நிமிடம். மூன்றாவது ஞாயிறு வழுக்கியது. ஓடிய வரிசை 8.10க்குத் தீர்ந்தது, மாற்றுவதற்கு ஆள் வருவதற்குள் 7 நிமிடம் போனது. கனமான கல்லில் சூடு ஒருமுறை இறங்கினால் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். 7 நிமிட இழப்பு இரண்டு ஈட்டைத் தின்றது. அதன்பிறகு ஞாயிறு மாலை 6.30க்கே, மிச்சம் இருந்தாலும் புதிய வரிசைக்கு மாற்றிவிடுவது வழக்கமாயிற்று. மிச்சம் உள்ளது திங்கள் காலைக்கு.

நட்டமும் உண்டு. ஞாயிறு இரவு ரவா விற்பனை 74லிருந்து சராசரியாக 58க்கு இறங்கியது. 25 நிமிடம் என்று சொன்னதும் ரோஸ்டுக்கு மாறியவர்கள் பாதிக்கு மேல். சிலர் எழுந்து போனார்கள். முதல் கல்லில் ஊத்தப்பம் சேர்ந்ததால் அங்கே ரோஸ்டுக்கு ஓரிரு நிமிடம் கூடியிருக்கிறது. திரும்பி வந்த ரோஸ்ட் மட்டும் நான்கு வாரத்தில் ஒன்றே ஒன்று. சப்ளையர்களுக்கு "5 நிமிசம்" விடுபட ஒரு மாதம் பிடித்தது. இன்னும் முழுதாக விடவில்லை.

மாற்ற வேண்டியவை

பார்சல் ஆர்டர் கேப்டன் திரையில் தெரிவதற்கு மென்பொருளில் வழி கேட்டிருக்கிறார்கள். வரும்வரை கம்பிதான். மூன்றாவது கல் வைத்தால் எல்லாம் தீரும் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. இப்போதுள்ள குழாயில் அதைச் சேர்த்தால் கடைசி முனைப் பர்னர் மறுபடி பட்டினி கிடக்கும். முதலில் குழாயின் அளவைக் கூட்ட வேண்டும், பிறகுதான் கல்.

வாசலில் காத்திருப்பவர்களிடம் இன்னும் எதுவும் சொல்லப்படுவதில்லை. அந்தக் குடும்பம் நின்ற 17 நிமிடத்தில், ரவா நேரமாகும் என்று ஒரு பலகை இருந்திருந்தால் பெரியவர் அப்போதே இட்லி என்று முடிவு செய்திருப்பார். நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு போதும். அது இன்னும் வரவில்லை.

சாப்பிடப் போகிறவர்கள் பக்கத்தில் ஒன்று. சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினை வீட்டில் போட்டுக்கொண்டு கிளம்புவது, சாப்பாடு எப்போது வரும் என்று உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத்தான் சரிவரும். ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது இன்சுலினின் வகையைப் பொறுத்தது. வெளியில் சாப்பிடும் நாளில் எப்படி மாற்றிக்கொள்வது என்று அவரவர் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். போட்டாகிவிட்டது என்றால் உட்கார்ந்ததும் முதல் ஆர்டர் இட்லி. ரவா அதற்குப் பிறகு. இட்லிப் பானை கூட்டத்துக்கு அசையாது. ஓர் ஈடு வேக 10 முதல் 12 நிமிடம் ஆனாலும், அடுக்கடுக்காக வெந்து சூட்டுப்பெட்டியில் தயாராக இருக்கும்.

அந்தக் குடும்பம் ஜனவரியில் ஒரு புதன்கிழமை இரவு மறுபடி வந்தது. பெரியவர் ஊசிப் பையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இட்லி ஆர்டர் கொடுத்துவிட்டு, ஆனியன் ரவாவையும் கேட்டார். 9 நிமிடத்தில் வந்தது.